கடல் கடப்போர் கருத்திற்கொள்ள வேண்டியவை

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இவ்விழாவில் ஒரு பொருள்பற்றிப் பேசுமாறு செயற்குழுவினர் பணித்தபொழுது நாம் பெரிதும் தயங்கினோம். புலவர்களும் பேராசிரியர்களும் நின்று பேசிய மேடை இது. நாமோ மெட்ரிகுலேஷன் அளவே பயின்று, இரயில்வே அலுவலகத்தில் எழுத்தராக அமர்ந்து, பயணம் செய்வோர் பெயரையும் நாளையும் பதிந்து நாள் கழிப்பவர். ஆயினும், இக்காலனியில் கடல் கடந்து செல்லாத குடும்பம் இன்று அரிதாகி விட்டது. ஒரு வீட்டுப் பிள்ளை துபாயில். மற்றொரு வீட்டுப் பெண் சிங்கப்பூரில். பேரப்பிள்ளை பிறக்கும் நாளில் துணையிருக்க அமெரிக்கா செல்லும் பாட்டிமார் எத்தனை பேர்! ஆதலின், அயல்நாடு புகுவோர்க்கு வேண்டிய தாள்கள் எவை, உடல் நலத்துக்கும் உயிர்க் காப்புக்கும் வேண்டிய எச்சரிக்கைகள் எவை என்பதை, நாம் அறிந்த அளவில் எடுத்துரைக்கத் துணிந்தோம்.

முதலில், இத்தாள்கள் எல்லாம் எதற்காக என்று கேட்போர் உளர். "காசு கொடுத்து டிக்கட்டு வாங்கியபின் இத்தனை கேள்விகள் ஏன்?" என்று நம்மிடமே பலர் சினந்து கேட்டதுண்டு. அதற்கு விடை நம் பெங்களூரின் வரலாற்றிலேயே இருக்கின்றது.

இந்நகருக்கும் சோலையார்பேட்டைக்கும் இடையே 1864-ஆம் ஆண்டில் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. தமிழ்நாட்டிலிருந்து நம் முன்னோர் பலர் கன்டோன்மென்டில் குடியேற வழி செய்தது அப்பாதையே. இருப்புப்பாதை மக்களைக் கொணர்ந்தது, பண்டங்களைக் கொணர்ந்தது, நோயையும் கொணர்ந்தது. 1896-இல் பம்பாயில் தோன்றிய பிளேக்கு நோய், இரண்டு ஆண்டுகள் சென்றபின், 1898 ஆகஸ்டு மாதத்தில் இரயில் வழியே பெங்களூருக்குள் புகுந்தது. நெருக்கமான பேட்டைகளிலும் கன்டோன்மென்டின் குறுகிய சந்துகளிலும் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். மக்கள் வீடுகளை விட்டுத் திறந்த வெளிகளில் கொட்டகையிட்டுத் தங்கினர். பசவனகுடி, மல்லேசுவரம் ஆகிய பகுதிகள் விரைந்து வளர்ந்ததும், கன்டோன்மென்டுப் பக்கத்தில் பிரேசர் டவுன் எழுந்ததும் அந்நோயின் விளைவுகளே. பிளேக்கு மாரியம்மன் என்ற பெயரில் இந்நகரில் கோயில்கள் நிற்பதையும் நீவிர் அறிவீர்.

அந்நாளில் சென்னை இராசதானியில் "பிளேக்குப் பாஸ்போர்ட்டு" என்றொரு தாள் வழங்கினர். நோயுள்ள ஊரிலிருந்து இரயிலில் வருவோரை நிலையத்திலேயே வைத்தியர் நிறுத்திப் பார்வையிடுவார். அவருடைய பெயரையும் போகும் ஊரையும் எழுதிக்கொண்டு ஒரு சீட்டுக் கொடுப்பார். அச்சீட்டைப் பெற்றவர், தாம் சென்ற ஊரில் பத்து நாள் வரையில் நாள்தோறும் அதிகாரியின் முன் சென்று நிற்க வேண்டும். பத்து நாளும் காய்ச்சலின்றிக் கழிந்தால் அவர் உரிமை அவரிடம் வந்துவிடும். கடல் கடவாமலே, இரயிலேறி அடுத்த ஊர் செல்வதற்கு நம் பாட்டனார் பாஸ்போர்ட்டு வைத்திருந்தனர் என்பது இன்றைய இளைஞர்க்கு வியப்பாக இருக்கலாம்.

கடல் கடந்தோர் நிலை இதனினும் கடுமையானது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழ்த் தொழிலாளர், முதலில் தூத்துக்குடிக்கு அருகிலுள்ள தட்டப்பாறையிலும், பின்னர் மண்டபத்திலும் அமைந்த முகாம்களில் நிறுத்தப்பட்டனர். 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின், சென்னையிலிருந்து தனுஷ்கோடி வரையில் இரயில், அங்கிருந்து தலைமன்னார் வரையில் கப்பல், அதன்பின் கொழும்பு வரையில் மீண்டும் இரயில் என்று ஒரே தொடராகப் பயணம் அமைந்தது. போட் மெயில் என்று மூத்தோர் இன்றும் அன்புடன் நினைவு கூர்வது அவ்வண்டியையே. ஆனால், அந்த வண்டியில் ஏறியவர் எல்லாரும் நேரே கப்பல் ஏறிவிடவில்லை. வறியவர் மண்டபத்தில் இறக்கப்பட்டனர். அவர்களுடைய துணிகள் ஆவியில் வைக்கப்பட்டன, உடல் சோதிக்கப்பட்டது, ஊசி குத்தப்பட்டது, நோயில்லை என்பது தெளியும்வரை சில நாள் காவலில் இருக்க நேர்ந்தது. உயர்ந்த வகுப்பில் பயணம் செய்தோர்க்கு இத்துன்பம் பெரும்பாலும் இல்லை. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது, அவ்வழியும் முடிந்தது. மண்டபம் முகாம் மட்டும் முடியவில்லை. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோரையும், 1983-க்குப் பின் அகதிகளாய் வந்தோரையும் அதே முகாம் ஏற்றுக்கொண்டது.

இப்பழங்கதையைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. எல்லையில் நிற்கும் அதிகாரி இரண்டு கேள்விகளையே கேட்கின்றார். "நீ யார், எதற்காக வந்தாய்?" என்பது ஒன்று. "உன்னுடன் நோய் ஏதேனும் வருகின்றதா?" என்பது மற்றொன்று. முதற் கேள்விக்கு விடை பாஸ்போர்ட்டும் விசாவும். இரண்டாம் கேள்விக்கு விடை ஊசிச் சான்றும் வைத்தியச் சான்றும். இவ்விரண்டும் சரியாக இருந்தால் அச்சமில்லை. சரியாக இல்லையெனில், வறியவரே முதலில் நிறுத்தப்படுவர். அந்த வேற்றுமை மண்டபத்தில் இருந்தது. இன்றும் முற்றிலும் மறைந்துவிடவில்லை.

இனிப் பாஸ்போர்ட்டைப் பற்றிச் சில சொற்கள்.

நம் நாட்டில் இப்பொழுது நடப்பிலிருப்பது 1967-ஆம் ஆண்டின் பாஸ்போர்ட்டுச் சட்டம். அயல்நாடு செல்வது குடிமகனின் உரிமை என்று அவ்வாண்டு ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்பின் எழுந்ததே இச்சட்டம். ஆகவே பாஸ்போர்ட்டு என்பது அரசு இரக்கப்பட்டு அளிக்கும் சலுகையன்று. சட்டப்படி நாம் பெறும் உரிமைச் சீட்டு. உரிய தாள்களுடன் நாமே நேரில் சென்று பெறலாம். தரகர் எவரும் வேண்டியதில்லை.

இதில் நம் தமிழர்க்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. அது பெயர்ச் சிக்கல். நமக்குக் குடும்பப் பெயர் என்பது வழக்கில் இல்லை. தந்தையின் பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாக வைத்துக்கொள்கின்றோம். பள்ளிச் சான்றில் ஒரு வகையாகவும், ஆதாரில் ஒரு வகையாகவும், பாஸ்போர்ட்டில் வேறொரு வகையாகவும் பெயர் அமைந்துவிடுகின்றது. குடும்பப் பெயருக்குரிய இடத்தை வெற்றாக விட்டு, ஒற்றைப் பெயருடன் பாஸ்போர்ட்டு வாங்கினோர் பலர். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு நாடு, ஒற்றைப் பெயருடைய பாஸ்போர்ட்டில் சுற்றுலா விசாவுடன் வருவோரை ஏற்பதில்லை என்று அறிவித்தபொழுது, தமிழர் பலர் திகைத்தனர். பின்னர், பாஸ்போர்ட்டின் மற்றொரு பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் ஏற்கலாம் என்று தளர்த்தினர். ஆதலின், புதிதாகப் பாஸ்போர்ட்டு எடுப்போர் தலைப்பெழுத்தை விரித்து, தந்தை பெயரை முழுமையாக எழுதி, எல்லாத் தாள்களிலும் ஒரே வகையாக அமையுமாறு செய்துகொள்ளுதல் நலம். விமான டிக்கட்டிலும் அதே பெயர், அதே எழுத்துக் கூட்டல் இருக்க வேண்டும். ஓர் எழுத்துப் பிழையால் பெட்டியும் கையுமாகத் தேவனஹள்ளி விமான நிலையத்திலிருந்து வீடு திரும்பியோர் உண்டு.

மேலும், பாஸ்போர்ட்டு காலாவதியாகாமல் இருந்தால் மட்டும் போதாது. நாடுகள் பலவும், நுழையும் நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதமேனும் அது செல்லுபடியாக இருக்க வேண்டும் என்கின்றன. டிக்கட்டு வாங்குமுன் அந்த நாளைப் பாருங்கள்.

அடுத்தது விசா. விசாவில் நாடு, நாள், நோக்கம் என்ற மூன்றும் எழுதப்பட்டிருக்கும். நாட்டையும் நாளையும் எல்லாரும் பார்ப்பர். நோக்கத்தைப் பார்ப்போர் சிலரே. இவ்விடத்தில் நம் தவறு ஒன்றை இச்சபை முன் சொல்லிக்கொள்ள வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், நமக்கு நன்கு தெரிந்த ஒரு குடும்பத்துப் பிள்ளைக்கு வளைகுடா நாட்டில் வாகனம் ஓட்டும் வேலை கிடைத்ததென்று அவன் தந்தை மகிழ்ச்சியுடன் நம் வீட்டுக்கு வந்தார். பிள்ளை ஒன்பதாம் வகுப்புடன் படிப்பை நிறுத்தியவன். தந்தைக்கு ஆங்கிலம் தெரியாது. முகவர் கொடுத்த தாளை நம்மிடம் நீட்டி, "ஐயா, எல்லாம் சரியாக இருக்கிறதா, கொஞ்சம் படித்துப் பாருங்கள்" என்றார். நாம் படித்தோம். பெயர் சரியாக இருந்தது. பாஸ்போர்ட்டு எண் சரியாக இருந்தது. நாள் சரியாக இருந்தது. "விசிட்" என்ற சொல்லும் அதில் இருந்தது. அச்சொல்லைக் கண்ணால் கண்டோம், கருத்தால் காணவில்லை. "எல்லாம் சரி" என்று சொல்லித் தாளைத் திருப்பிக் கொடுத்தோம். அவர் கும்பிட்டுச் சென்றார்.

அது உறவினரைக் காணவும் ஊர் சுற்றவும் அளிக்கும் விசா. அதை வைத்துக்கொண்டு வேலை செய்தல் அந்நாட்டில் குற்றம். பிள்ளை அங்குச் சென்றதும் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டனர். வாகனமும் இல்லை, சொன்ன சம்பளமும் இல்லை. விசா நாள் கடந்தபின் அவன் வெளியே தலைகாட்டவே அஞ்சினான். காய்ச்சல் கண்டபொழுது ஆஸ்பத்திரிக்குச் செல்லவும் துணியவில்லை. முடிவில், உடன் தங்கியிருந்த ஒருவர் இந்தியத் தூதரகத்துக்கு வழிகாட்ட, அவர்கள் உதவியால் ஊர் திரும்பினான். உயிருடன் வந்தான், அதுவே பெரிது. அவன் தந்தை நம்மை ஒரு சொல்லும் கடிந்து பேசவில்லை. பேசியிருந்தால் நமக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அந்நாள் முதல் இவ்விதிகளைத் தேடித் தேடிப் படிக்கலானோம். இன்றைய உரைக்கு மூலம் அதுவே.

அக்குடும்பத்துக்கு நாம் சொல்லியிருக்க வேண்டியது யாது என்பதை இப்பொழுது உங்களுக்குச் சொல்கின்றோம்.

1983-ஆம் ஆண்டில் குடியேற்றச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. அதன்படி, பத்தாம் வகுப்புத் தேறாதவர், வளைகுடா நாடுகளும் மலேசியாவும் உள்ளிட்ட சில நாடுகளுக்கு வேலைக்குச் செல்லும்பொழுது, "குடியேறுவோர் பாதுகாவலர்" என்னும் அதிகாரியின் அனுமதியைப் பெற வேண்டும். அத்தகையோரின் பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர். என்ற குறிப்புப் பொறிக்கப்படும். அவ்வதிகாரி ஒப்பந்தத்தைப் பார்ப்பார். சம்பளம், வேலை நேரம், தங்குமிடம் ஆகியவற்றைப் பார்ப்பார். முகவர் அரசிடம் பதிவு பெற்றவர்தாமா என்று பார்ப்பார். அனுமதி பெற்றுச் செல்வோர்க்குப் "பிரவாசி பாரதிய பீமா யோசனா" என்ற காப்புறுதி உண்டு. இரண்டு ஆண்டுகளுக்கு 275 ரூபாயும் மூன்று ஆண்டுகளுக்கு 375 ரூபாயும் கட்டினால், விபத்தில் உயிர் நீத்தோர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் கிடைக்க அதில் வழியுண்டு.

இ.சி.ஆர். முத்திரையை இழிவு என்று எண்ணுவோர் பலர். அஃது இழிவன்று; எழுத்தறிவு குறைந்தோரை ஏமாற்றுவோரிடமிருந்து காக்க இட்ட வேலி. அவ்வேலியில் ஒரு சந்து உள்ளது. சுற்றுலா விசாவில் செல்வோர்க்கு இவ்வனுமதி தேவையில்லை. கயவராகிய முகவர் அச்சந்தின் வழியேதான் நம் பிள்ளைகளை நுழைக்கின்றனர். ஆகவே நெஞ்சில் எழுதிக்கொள்ளுங்கள்: வேலைக்குச் செல்வோர் கையில் இருக்க வேண்டியது வேலை விசா. "அங்குப் போய் மாற்றிக்கொள்ளலாம்" என்று சொல்பவரை நம்பாதீர்கள்.

பதிவு பெற்ற முகவர் யார் என்பதை அரசின் இ-மைகிரேட் தளத்தில் காணலாம். அவர் வாங்கத்தக்க கட்டணம் 30,000 ரூபாயும் அதற்குரிய வரியுமே. இலட்சக்கணக்கில் கேட்பவர் சட்டத்தை மீறுகின்றார். கொடுத்த தொகைக்கு இரசீது தர மறுப்பவரிடம் பேச்சே வேண்டாம். இ.சி.ஆர். பாஸ்போர்ட்டு உடைய பெண்கள், 30 வயது நிரம்புமுன் அந்நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல அனுமதியில்லை. வீட்டு வேலை என்று ஆசை காட்டி இளம்பெண்களை அழைப்போர் உளராயின், நம் மாதர் சங்கத்தினர் உடனே எச்சரிக்கை செய்க.

படித்தவர் ஏமாறமாட்டார் என்றும் எண்ண வேண்டாம். தாய்லாந்தில் கணிப்பொறி வேலை என்று அழைத்து, எல்லை கடத்தி மியன்மாரின் மியாவாடிப் பகுதியில் அடைத்து, இணையத்தில் பிறரை ஏமாற்றும் தொழிலைச் செய்யுமாறு நம் இளைஞரை வருத்திய கொடுமை 2022-இல் வெளிப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகம் எச்சரிக்கை வெளியிட்டது. அக்டோபரில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 13 பேர் மீண்டு வந்தனர். அவ்வலை விரிக்கப்பட்டது கணிப்பொறி பயின்ற இளைஞர்க்காகவே. கணிப்பொறித் தொழிலுக்குப் பேர்போன நம் நகரில் வாழ்வோர் இதனை மறத்தலாகாது.

இனி உடல் நலம் பற்றிய பகுதிக்கு வருவோம்.

"குவாரன்டைன்" என்ற சொல் நாற்பது என்னும் பொருளுடைய இத்தாலிய மொழிச் சொல்லிலிருந்து பிறந்தது. நோயுள்ள ஊரிலிருந்து வந்த கப்பலை நாற்பது நாள் துறைமுகத்துக்கு வெளியே நிறுத்தி வைத்தமையால் வந்த பெயர். நம் இளமையில் மூத்தோர் பெரியம்மைத் தடுப்புச் சான்றைப் பற்றிச் சொல்லக் கேட்டிருக்கின்றோம். அந்நோய் உலகினின்று ஒழிந்தது என்று 1980 மே மாதத்தில் உலக சுகாதார மன்றம் அறிவித்தது, அச்சான்றும் வழக்கொழிந்தது. மக்கள் முறையாக ஊசி போட்டுக்கொண்டதனால் நோயும் ஒழிந்தது, தாளும் ஒழிந்தது என்பது நினைவில் வைக்கத்தக்கது.

இன்றும் வழக்கிலுள்ளது மஞ்சட் காய்ச்சற் சான்று. ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் பல நாடுகளில் இந்நோய் உண்டு. நம் நாட்டில் இந்நோய் இல்லை. ஆனால், இதனைப் பரப்பும் ஏடிஸ் கொசு இங்கு நிரம்ப உண்டு. டெங்குவைப் பரப்புவதும் அக்கொசுவே. நோயுற்ற ஒருவர் வந்து, அவரைக் கடித்த கொசு மற்றவரைக் கடிக்குமாயின் என்ன ஆகும் என்பதை எண்ணிப் பாருங்கள். அதனால்தான் நம் அரசு இதில் மிகக் கண்டிப்பாக இருக்கின்றது. கென்யா, உகாண்டா, நைஜீரியா முதலிய நாடுகளுக்குச் சென்று சான்றின்றித் திரும்புவோரை ஆறு நாள் வரையில் தனித்து வைப்பர். அந்நோய் உடலில் புகுந்து வெளிப்பட மூன்று முதல் ஆறு நாள் ஆகும் என்பதே அக்கணக்கு.

இவ்வூசியை அரசு அங்கீகரித்த நிலையங்களில் மட்டுமே போட்டுக்கொள்ள வேண்டும். அங்குத் தரும் மஞ்சள் நிறச் சிறு புத்தகமே சான்று. ஊசி போட்டுப் பத்து நாள் சென்ற பின்னரே சான்று செல்லுபடியாகும். ஆதலின் புறப்படும் வாரத்தில் ஓடிப் பயனில்லை. முன்பு பத்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியிருந்தது. 2016 ஜூலை முதல் ஒருமுறை போட்டுக்கொண்டால் வாழ்நாள் முழுவதும் செல்லும். கருவுற்ற பெண்களும், ஒன்பது மாதம் நிரம்பாத குழந்தைகளும், அறுபது கடந்த முதியோரும் வைத்தியரைக் கலந்தே முடிவு செய்ய வேண்டும். புனித ஹஜ்ஜுப் பயணம் செல்லும் நம் இசுலாமியச் சகோதரர்க்கு, மூளைக் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கட்டாயம். அதனையும் குறைந்தது பத்து நாள் முன்னரே போட்டுக்கொள்ள வேண்டும்.

மருந்துகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. இங்கு நாம் தலைவலிக்கும் இருமலுக்கும் எளிதில் வாங்கும் மருந்துகள் சிலவற்றில் கோடீன், டிரமடால் போன்ற பொருள்கள் உள்ளன. வளைகுடா நாடுகளில் அவை கட்டுப்படுத்தப்பட்டவை. முன் அனுமதியின்றிக் கொண்டுசெல்வோர் சிறை புக நேரும். எந்த மருந்தாயினும் அதன் மூல உறையிலேயே இருக்கட்டும். வைத்தியர் சீட்டு ஆங்கிலத்தில் உடன் இருக்கட்டும். சர்க்கரை நோயாளர் இன்சுலினைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்க. விமானத்தின் அடியில் ஏற்றும் பெட்டியில் வைத்தால் குளிரில் கெடக்கூடும். பெட்டி வழி தவறினால் மருந்தும் போகும்.

அன்புடைய தாய்மார்களே, உங்கள் சமையலறைக்கும் இதில் பங்குண்டு. மகனுக்கென்று குருமாவுக்குப் போடும் கசகசாவைப் பொட்டலம் கட்டுகின்றீர்கள். அது அபினிச் செடியின் விதை. ஐக்கிய அரபு நாட்டிலும் சிங்கப்பூரிலும் அது தடை செய்யப்பட்ட பொருள். அன்பினால் கட்டிய பொட்டலம் பிள்ளையைக் காவல் நிலையத்துக்கு அனுப்பலாகாது. கொப்பரைத் தேங்காய் எண்ணெய் மிக்கது, எளிதில் தீப்பற்றுவது, விமானத்தில் ஏற்றவொட்டார். பச்சைக் கறிவேப்பிலையை அமெரிக்காவுக்குள் விடமாட்டார்கள். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை அழிக்கும் பூச்சி அதனுடன் வரும் என்பது காரணம். ஆஸ்திரேலியாவில் உணவுப் பொருள் எதனையும் மறையாமல் அறிவித்துவிட வேண்டும். அறிவித்தால் பெரும்பாலும் பொருள் மட்டும் போகும். மறைத்தால் அபராதமும் சேரும். மனிதர் நோய்க்குச் சோதனை இருப்பதுபோல் செடிகளின் நோய்க்கும் சோதனை உண்டு என்று கொள்க.

பிள்ளைகளைக் காணச் செல்லும் முதியோர்க்குச் சில சொற்கள். நெடுநேரம் கால் தொங்கவிட்டு அமர்ந்திருந்தால் காலில் இரத்தம் உறைந்து கட்டியாகக் கூடும். ஆதலின் இரண்டு மணிக்கு ஒருமுறையேனும் எழுந்து நடந்து, கணுக்காலை அசைத்து, தண்ணீர் பருகி வாருங்கள். அமெரிக்காவில் ஆஸ்பத்திரிச் செலவு மிகப் பெரிது; பயணக் காப்புறுதி இன்றிச் செல்ல வேண்டாம்; முன்னரே உள்ள நோய்களை அக்காப்புறுதி ஏற்கின்றதா என்பதைக் கேட்டுத் தெளிக. மற்றொன்று: விசா பத்து ஆண்டு என்று எழுதியிருந்தாலும், ஒருமுறை சென்றால் எத்தனை நாள் தங்கலாம் என்பதை அங்கு நுழையும்பொழுது அதிகாரியே குறிக்கின்றார். அந்த நாளைக் கடந்து தங்கினால் மறுமுறை பேரக்குழந்தையைக் காணும் வாய்ப்பு போய்விடக் கூடும்.

இறுதியாக, உயிர்க் காப்பு. பாஸ்போர்ட்டு, விசா, ஒப்பந்தம் ஆகியவற்றின் படிகளை வீட்டில் ஒன்றும், உடன் ஒன்றும் வைத்திருங்கள். பிறர் கொடுக்கும் பொட்டலத்தை, உள்ளே யாதென்று காணாமல் ஏற்காதீர்கள். சிங்கப்பூரில் போதைப்பொருள் கடத்தலுக்குத் தூக்குத் தண்டனை உண்டு. சென்ற நாட்டில் இந்தியத் தூதரகம் எங்குள்ளது என்பதை முதல் வாரத்திலேயே அறிந்துகொள்ளுங்கள். துன்புறும் இந்தியர்க்கு உதவ 2009 முதல் தூதரகங்களில் இந்தியச் சமூக நல நிதி இருந்து வருகின்றது. வேலைக்குச் செல்வோர்க்கென்றே அரசு அமைத்துள்ள தொலைபேசி எண் 1800 11 3090; இதனை வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள்.

2024 ஜூன் 12 விடியற்காலையில், குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர் தங்கிய கட்டடம் ஒன்றில் தீப்பற்றி, உறங்கியவாறே நம் நாட்டவர் நாற்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் தமிழரும் இருந்தனர். பலர் உயிரைக் கவர்ந்தது புகையே. புதிய இடத்தில் தங்கும் முதல் இரவிலேயே, படிக்கட்டு எங்குள்ளது, மாற்று வழி எங்குள்ளது, கதவு பூட்டியுள்ளதா என்று பார்த்துவிட்டு உறங்குங்கள். வெயிற் காலத்தில் ஐக்கிய அரபு நாட்டில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை நண்பகல் 12.30 முதல் 3 மணி வரை திறந்த வெளியில் வேலை வாங்குதல் கூடாது என்பது சட்டம். அவ்வுரிமையை அறிந்திருந்தால்தானே கேட்க இயலும்?

அன்பர்களே, இவ்வளவும் கூறியபின் இச்சங்கத்துக்கு இரண்டு வேண்டுகோள்களை வைக்கின்றோம்.

ஒன்று: மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, இச்சங்கத்தின் வாசகசாலையில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அயல்நாடு செல்வோர் தம் தாள்களைக் கொண்டுவரட்டும். ஆங்கிலம் அறிந்தோர் இருவர் அமர்ந்து, ஒருவர் படிக்க, மற்றவர் சரிபார்க்கட்டும். ஒருவர் கண்ணுக்குத் தப்பியது இருவர் கண்ணுக்குத் தப்பாது. அவ்விருவருள் ஒருவராக அமர நாம் சித்தமாக இருக்கின்றோம். "எல்லாம் சரி" என்று இனிமேல் விரைந்து சொல்ல மாட்டோம்.

மற்றொன்று: இக்காலனியில் பத்தாம் வகுப்புக்கு முன் படிப்பை நிறுத்தும் பிள்ளை ஒருவனும் இருத்தலாகாது. கல்வியின் பெருமையைப் பாடப் புலவர்கள் உளர். நாம் எழுத்தர் என்ற முறையில் ஒன்றே சொல்வோம். நாம் பெற்ற மெட்ரிகுலேஷன் சான்றிதழ் பெரிய பதவி எதனையும் நமக்கு வாங்கித் தரவில்லை. ஆயினும், கையில் தந்த தாளைத் தானே படித்து, அதிலுள்ள ஒரு சொல்லின் பொருளைத் தானே கேட்கும் ஆற்றலுக்கு அச்சான்றிதழ் வாயிற்படி. அன்று நம் வீட்டு வாசலில் நின்ற தந்தைக்கு அது இருந்திருந்தால், அவர் நம்மை நம்பி நின்றிருக்க வேண்டியதில்லை.

அப்பிள்ளை இன்று இந்நகரிலேயே வாகனம் ஓட்டிப் பிழைக்கின்றான். மாலை வேளையில் படித்துப் பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு விண்ணப்பித்திருக்கின்றான். அவ்விண்ணப்பத்தை நாம் மும்முறை படித்துப் பார்த்தே அனுப்பினோம். கடல் கடந்து செல்லும் நம் மக்கள் எல்லாரும் நலமே சென்று நலமே திரும்புக.